ஆண் மலட்டுத்தன்மைக்கு எந்த கோட்: என்46.9 போதுமா, குறிப்பான கோட் வேண்டுமா, டாக்டரையே கேட்டுவிடலாமா?

சேலம் அஞ்சு ரோட்டுப் பக்கம் மெடிக்கல் கோடிங் (டாக்டர் எழுதிய நோயை இன்சூரன்ஸ் கிளைமுக்கான எண்ணாக மாற்றும் வேலை) படித்து முடித்து யூராலஜி டீமில் உட்கார வைக்கப்படுகிறவர்கள் கொஞ்ச நாளில் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு வந்து நிற்கிறார்கள். சார்ட்டில் டாக்டர் "மேல் ஃபேக்டர் இன்ஃபெர்ட்டிலிட்டி" (ஆண் தரப்பு மலட்டுத்தன்மை) என்று ஒரு வரி எழுதியிருக்கிறார், கீழே விந்துப் பரிசோதனை ரிப்போர்ட் இணைந்திருக்கிறது, எண்ணிக்கை குறைவு என்பது பார்த்ததுமே தெரிகிறது. இப்போது என்46.9 (வகை சொல்லாத ஆண் மலட்டுத்தன்மை) போட்டால் ஆடிட்டில் "அன்ஸ்பெசிஃபைட்" என்று குறை எழுதுகிறார்கள். என்46.11 (ஒலிகோஸ்பெர்மியா, அதாவது விந்தணு எண்ணிக்கைக் குறைவு) போட்டால் "டாக்டர் எங்கே சொன்னார், காட்டு" என்கிறார்கள். டாக்டரிடமே எழுத்தில் விளக்கம் கேட்டு குவெரி போட்டால் டி.எல். (டீம் லீடர்) வந்து டர்ன்அரவுண்ட் டைம் பற்றிப் பேசுகிறார். மத்தளத்துக்கு இரண்டு பக்கம்தான் இடி, இங்கே மூன்று.

கீழே வரும் எண்கள் எல்லாம் அமெரிக்க சார்ட்டுகளுக்கான ஐசிடி-10-சிஎம் நோய் எண்கள், 2015 அக்டோபர் 1 முதல் அங்கே நடைமுறையில் இருப்பவை. ஒவ்வோர் அக்டோபரிலும் புதுப் பதிப்பு வரும், அதனால் உங்கள் மென்பொருளில் அந்த ஆண்டுப் பட்டியலோடு ஒருமுறை ஒத்துப்பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர் மருத்துவமனைகளில் ரெக்கார்ட் பிரிவிலோ இன்சூரன்ஸ் டெஸ்கிலோ இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு, அவர்களுக்குக் கடைசியில் தனியாக எழுதியிருக்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, டாக்டர் என்ன எழுதினார். இதுதான் பாதிக்கு மேல். புறநோயாளி சார்ட்டில் "இருக்கலாம்", "சந்தேகம்", "ரூல் அவுட்" என்றெல்லாம் எழுதியிருந்தால் அதை உறுதியான நோயாக கோட் செய்யக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். லேப் எண்ணை நாமே படித்து நோய்ப்பெயராக மாற்றக்கூடாது என்பதும் அதே அளவு கறாரான விதிதான், ஆனால் இந்தச் சார்ட்டுகளில் அதை மறந்துவிடுகிறோம், ஏனென்றால் எண் அவ்வளவு தெளிவாகக் கண்ணில் படுகிறது. ஒரு மில்லியில் 9 மில்லியன் விந்தணு, 16-க்குக் கீழே, அப்புறம் என்ன யோசனை என்று தோன்றும். அந்த 16 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் யோசனை வந்துவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வகக் கையேட்டின் 2021-ஆம் ஆண்டு ஆறாம் பதிப்பில் இருக்கும் எண் அது. 2010 பதிப்பில் 15. ஒரு வருடத்துக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களின் மாதிரிகளை வரிசைப்படுத்தி, அதில் அடியிலிருந்து ஐந்தாவது சதவீதத்தில் இருப்பவரின் அளவைத்தான் கீழ்வரம்பாக வைத்திருக்கிறார்கள். அப்படியானால் குழந்தை பெற்ற ஆண்களிலேயே நூற்றில் ஐந்து பேர் அந்த வரம்புக்குக் கீழே இருக்கிறார்கள். எண் குறைவு என்பது ஒரு தகவல், மலட்டுத்தன்மை என்பது டாக்டரின் முடிவு. என்46 என்ற தலைப்பே ஆண் மலட்டுத்தன்மை என்பதால் அந்த முடிவை நாம் எடுத்துவிடக் கூடாது.

இரண்டாவது, அவர் எதற்காக வந்தார். பரிசோதனைக்கு மட்டுமா, சிகிச்சைக்கா, வாசக்டமி (ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை) செய்துகொண்ட பிறகு "பூஜ்யம் ஆகிவிட்டதா" என்று பார்க்கவா, இல்லை சார்ட் மனைவியுடையதா. ஒரே ரிப்போர்ட், வேறு வேறு கோட்.

மூன்றாவது, இந்த கோட் எந்த சிபிடி-யை (செய்த பரிசோதனை, சிகிச்சைக்கான எண்) தாங்கப்போகிறது. என்46 வரிசை, நோயின் கடுமைக்கு ஏற்பப் பணம் கூட்டும் மெடிகேர் (அமெரிக்க அரசுக் காப்பீடு) ரிஸ்க் அட்ஜஸ்ட்மென்ட் கணக்கில் வராது, என்46.9-ஐ என்46.11 ஆக்கியதால் அந்த விசிட்டுக்கு ஒரு டாலர் கூடிவிடாது. ஆனால் விரையில் பயாப்ஸி, வேரிகோசீல் (விரைப்பையில் இரத்தநாளங்கள் புடைப்பது) அறுவை, குரோமோசோம் பரிசோதனை என்று கிளைம் போகும்போது "ஏன் செய்தீர்கள்" என்ற கேள்விக்குப் பதில் சொல்வது இந்தக் கோட்தான்.

நான்காவது நேரம். அதில் உங்கள் ப்ரொடக்‌ஷன் எண்ணும் சேர்த்தி, சும்மா மறைப்பானேன்.

## என்46.9: எழுதியது அவ்வளவுதான் என்றால்

அன்ஸ்பெசிஃபைட் என்றாலே தப்பு என்ற பயத்தை வகுப்பிலேயே ஏற்றிவிடுகிறார்கள். வழிகாட்டி அப்படிச் சொல்லவில்லை. தகவல் இல்லாதபோது அன்ஸ்பெசிஃபைட் போடுவது ஏற்கத்தக்கது, சில சமயம் அதுதான் அவசியம் என்றே சொல்கிறது. முதல் விசிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் முயற்சி செய்தும் கரு நிற்கவில்லை, டாக்டர் உடலைப் பரிசோதித்தார், ஹார்மோன் அளவும் விந்துப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார், முடிவில் "ஆண் மலட்டுத்தன்மை" என்று போட்டார். காரணம் அவருக்கே இன்னும் தெரியாது. அங்கே என்46.9 தவிர வேறு எதைப் போட்டாலும் அது நம் கற்பனை.

அதன் மறைமுகச் செலவு பின்னால்தான் தெரியும். மூன்றாவது விசிட், நான்காவது விசிட் என்று ரிப்போர்ட்டெல்லாம் வந்த பிறகும் பழைய என்46.9 அப்படியே காப்பியாகி வந்துகொண்டிருக்கும். மென்பொருளில் டாக்டர் "இன்ஃபெர்ட்" என்று தட்டியதும் பட்டியலில் முதலில் வந்து நிற்பது அதுதான், அவரும் சொடுக்கிவிட்டுப் போய்விடுகிறார். ஆனால் அதே நோட்டின் நடுவில், நோய் வரலாற்றுப் பத்தியில், "இரண்டு மாதிரியிலும் அசூஸ்பெர்மியா உறுதி" (விந்தில் விந்தணுவே இல்லை) என்று அவரே தட்டச்சு செய்திருப்பார். அதைப் படிக்காமல் கீழே இருக்கும் வரியை மட்டும் பார்த்து என்46.9 போட்டால் ஆடிட்டர் குறை சொல்வதில் நியாயம் இருக்கிறது. நோட் முழுக்க டாக்டர் எழுதியதுதான், முழுக்கப் படிக்க வேண்டியதும்தான்.

பயாப்ஸிக்கோ மரபணுப் பரிசோதனைக்கோ என்46.9 மட்டும் வைத்து கிளைம் அனுப்பினால், பேயர், அதாவது காப்பீட்டு நிறுவனம், ரெக்கார்ட் கேட்பார். அனுப்பினால் பணம் வரலாம், ஆனால் அதற்குள் வாரக்கணக்கில் போய்விடும். கேரியோடைப் (குரோமோசோம்களின் எண்ணிக்கை, அமைப்பைப் பார்ப்பது), ஒய் குரோமோசோமில் சிறு துண்டு விடுபட்டிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை இரண்டுமே விந்தணு இல்லாதவர்களுக்கும் மிகக் குறைவாக உள்ளவர்களுக்கும் பரிந்துரைக்கப்படுபவை. என்46.9 அந்த இரண்டில் எதையும் சொல்வதில்லை.

## என்46.0-, என்46.1-: குறிப்பான கோட்

இங்கே ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. காரணம் எழுதவில்லை என்பதற்காக என்46.9-க்கு இறங்க வேண்டியதில்லை. டாக்டர் "அசூஸ்பெர்மியா" என்று மட்டும் எழுதியிருந்தால் அது என்46.01. பெயரில் "ஆர்கானிக்" இருக்கிறதே என்று மிரள வேண்டாம், வேறு விவரம் இல்லாத அசூஸ்பெர்மியாவும் அங்கேதான் என்று அந்தக் கோடின் கீழேயே எழுதியிருக்கிறது. அதேபோல "ஒலிகோஸ்பெர்மியா" என்று மட்டும் எழுதியிருந்தால் என்46.11. நான் பார்க்கும் குவெரிகளில் நல்ல பங்கு இந்த ஒரு குறிப்பைப் படித்திருந்தால் போடவே தேவைப்பட்டிருக்காது.

காரணம் எழுதியிருந்தால் ஆறாவது இலக்கம் வரும். அசூஸ்பெர்மியாவுக்கு என்46.02-, ஒலிகோஸ்பெர்மியாவுக்கு என்46.12-, இரண்டிலும் கடைசி இலக்கத்தின் பொருள் ஒன்றுதான்: 1 மருந்து, 2 தொற்று, 3 குழாய் அடைப்பு, 4 கதிர்வீச்சு, 5 உடல் முழுக்கப் பாதிக்கும் நோய், 9 மற்ற காரணம். ஒருமுறை மனதில் ஏற்றிவிட்டால் போதும். ஆனால் இதோடு வேலை முடியாது, காரணத்தையும் கூடவே கோட் செய்யச் சொல்லும் குறிப்பு அங்கே இருக்கிறது. அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

அடிக்கடி வரும் ஓர் உதாரணம்: டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொள்பவர். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளையடிச் சுரப்பி எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் என்ற ஹார்மோன்களைச் சுரப்பதைக் குறைத்துவிடும், விரைகள் விந்தணு செய்வதை நிறுத்திவிடும். ஆண்மைக்கு என்று போட்ட ஊசி குழந்தைக்குத் தடையாகிவிடுவது நோயாளிகளுக்கு நம்ப முடியாத விஷயம். இங்கே ஜிம்மில் யாரோ சொன்னார் என்று ஊசி போட்டுக்கொள்ளும் பையன்களுக்கும் இதே கதைதான். டாக்டர் "டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சையால் அசூஸ்பெர்மியா" என்று எழுதினால் என்46.021, கூடவே டி38.7எக்ஸ்5ஏ, முறையாக எடுத்த மருந்தின் பக்கவிளைவு என்பதைக் காட்ட. "டெஸ்டோஸ்டிரோன் எடுக்கிறார்" என்று மருந்துப் பட்டியலிலும் "அசூஸ்பெர்மியா" என்று முடிவிலும் தனித்தனியாக இருந்தால்? என்46.01-தான். "அதனால்" என்று இணைக்க வேண்டியது அவர்.

சர்க்கரை நோயும் இப்படியே. சர்க்கரை நோய்க்குச் சில சிக்கல்களை டாக்டர் இணைக்காவிட்டாலும் இணைந்ததாக எடுத்துக்கொள்ளலாம் என்று படித்திருப்பீர்கள், அது இன்டெக்ஸில் "உடன்" என்று பட்டியலிட்டவற்றுக்கு மட்டும். சர்க்கரை இருக்கிறது, எண்ணிக்கை குறைவு, ஆகவே என்46.125 என்று தாவிவிட வேண்டாம்.

வேரிகோசீலுக்குத் தனி கோட் ஐ86.1. "வேரிகோசீலால் ஒலிகோஸ்பெர்மியா" என்று எழுதினால் என்46.129-ம் ஐ86.1-ம். அசூஸ்பெர்மியா உள்ளவருக்குக் கிளைன்ஃபெல்டர் (கூடுதல் எக்ஸ் குரோமோசோம்) என்று குரோமோசோம் ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் உறுதி செய்திருந்தால் என்46.01-ஓடு க்யூ98.4. இவை நேரான கேஸ்கள். விந்தணு இருக்கிறது, ஆனால் நகரவில்லை, அல்லது வடிவம் சரியில்லை என்பவைதான் தொல்லை, அவற்றுக்கென்று என்46-ல் தனி இடமே கிடையாது. மலட்டுத்தன்மை என்று டாக்டர் முடிவு செய்து, அதற்கு இந்த இயக்கக் குறைவைக் காரணமாகச் சொல்லியிருந்தால் என்46.8. வெறும் ரிப்போர்ட் கண்டுபிடிப்பாக எழுதியிருந்தால் ஆர்86 (ஆண் உறுப்பு மாதிரிகளில் கண்ட மாறுதல்) பக்கம் போக வேண்டும்.

குறிப்பான கோடுக்கும் மறைமுகச் செலவு உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. தவறான என்46.9 என்று ஒன்று ஏறக்குறைய கிடையாது, அடுத்த விசிட்டில் மாறிவிடும். தவறான என்46.01 அப்படியல்ல. பிரச்சினைப் பட்டியலில் ஏறிவிட்டால் டாக்டர் மாறினாலும் மருத்துவமனை மாறினாலும் கூடவே வரும், நோயாளி தன் போர்ட்டலில் திறந்து பார்த்தால் "விந்தணுவே இல்லை" என்று இருக்கும். ஜுரம் அடித்து எழுந்த மாதத்தில் கொடுத்த ஒரே மாதிரியை வைத்து, லேப் அதைச் சுழற்றி அடியில் படிந்ததைப் பார்த்ததா என்றுகூடத் தெரியாமல், அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும்.

மிகப் பெரிய குழி வாசக்டமி. குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவருக்கு விந்தணு இல்லாமல் இருப்பது நோய் இல்லை, அதற்குத்தான் அறுவையே செய்தார்கள். என்46-ன் தலையிலேயே எக்ஸ்க்ளூட்ஸ்1-ஆக இசட்98.52 இருக்கிறது, அதாவது வாசக்டமி ஆனவர் என்ற நிலையும் என்46-ம் ஒன்றாக வரக்கூடாது. "அசூஸ்பெர்மியா" என்ற வார்த்தையைப் பார்த்ததும் கை தானாக என்46.01-க்குப் போகும், அதற்கு முன் அறுவை வரலாற்றை ஒருமுறை பாருங்கள்.

## இசட்31.41, ஆர்86: பரிசோதனைக்கு மட்டும் வந்தால்

தானே வந்து "கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடலாம்" என்கிறவருக்கும், மனைவிக்குச் சிகிச்சை தொடங்கும் முன் வழக்கமாகக் கேட்கும் பரிசோதனைக்கு வருகிறவருக்கும் இசட்31.41 பொருந்தும். கருத்தரிப்புக்கான விந்தணு எண்ணிக்கைப் பரிசோதனை என்று அதன் கீழேயே இருக்கிறது. லேப் சார்ட்டில் ஆர்டரில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் நமக்கு. "மலட்டுத்தன்மை" என்று எழுதி அனுப்பியிருந்தால் என்46.9, "கருத்தரிப்புப் பரிசோதனை" என்றால் இசட்31.41. சிபிடி 89320-க்கு ரிப்போர்ட்டில் வந்த எண்ணைப் பார்த்து என்46.11 ஒட்ட வேண்டாம்.

டாக்டர் "விந்துப் பரிசோதனையில் மாறுதல், திரும்பச் செய்ய வேண்டும்" என்று எழுதினால் ஆர்86.8 போன்றவை. ஆனால் அசூஸ்பெர்மியா, ஒலிகோஸ்பெர்மியா என்று பெயர் சொல்லிவிட்டால் ஆர்86 போகாது, அதன் எக்ஸ்க்ளூட்ஸ்1-ல் அவை இரண்டும் இருக்கின்றன.

வாசக்டமிக்குப் பின் எண்ணிக்கை பார்ப்பது இசட்30.8, இசட்31.4-ல் அல்ல. வாசக்டமியைத் திருப்பிச் சேர்க்க வந்தால் இசட்31.0. சேர்த்த பிறகு எண்ணிக்கை பார்க்க வந்தால் இசட்31.42. இவை மூன்றையும் குழப்பாதவர்களைப் பார்ப்பது அரிது.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. புற்றுநோய் கண்டு, கீமோதெரபிக்கு முன் விந்தணு சேமிக்க வரும் இளைஞர்கள். அவர் மலடர் அல்ல, ஆகக்கூடாது என்றுதான் வந்திருக்கிறார். இசட்31.84-ம் புற்றுநோய்க்கான கோடும் வரும், என்46 வரவே வராது. கீமோ முடிந்து பல ஆண்டு கழித்து எண்ணிக்கை குறைந்து, டாக்டர் அந்த மருந்துதான் காரணம் என்று எழுதினால் அப்போது என்46.121 பற்றிப் பேசலாம்.

இந்த வழியின் மறைமுகச் செலவு நோயாளியின் பையில் விழும். சில அமெரிக்கத் திட்டங்கள் காரணத்தைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையை மருத்துவச் செலவாக ஏற்று, சிகிச்சையை மட்டும் விலக்கும், சில இரண்டையும் கருத்தரிப்புப் பிரிவில் தள்ளும். மாசசூசெட்ஸ் 1987-லேயே மலட்டுத்தன்மைச் சிகிச்சைக்குக் காப்பீடு தர வேண்டும் என்று சட்டம் போட்ட மாநிலம். பல மாநிலங்களில் அப்படி எதுவுமில்லை, சட்டம் உள்ள மாநிலத்திலும் நிறுவனம் தன் சொந்தப் பணத்தில் நடத்தும் திட்டத்தை அது கட்டுப்படுத்தாது. அதனால் "இதைப் போட்டால் பாஸ் ஆகுமாம், மாற்றிப் போடுங்கள்" என்று க்ளையன்ட் பக்கத்திலிருந்து மெதுவாக ஒரு செய்தி வரும். மாற்றாதீர்கள். நோட்டில் இருப்பது மாறினால் கோட் மாறும், பணம் வருமா என்பதற்காக மாறாது.

## குவெரி: எப்போது கேட்பது, எப்போது விட்டுவிடுவது

குவெரிதான் பத்திரமான வழி என்று நினைத்து எல்லாவற்றுக்கும் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாம் இரவு ஷிஃப்டில் கேட்டு, அது க்ளையன்ட் ஒருங்கிணைப்பாளர் வழியாகப் போய், டாக்டர் மதியம் பார்த்துப் பதில் போடும்போது நாம் ஹஸ்தம்பட்டியில் தூங்கிக்கொண்டிருப்போம். சார்ட் ஹோல்டில் கிடக்கும். பதில் வராமல் மாத முடிவு வந்தால் எப்படியும் என்46.9-தான் போகப்போகிறது. அதோடு, சின்ன விஷயத்துக்கெல்லாம் குவெரி வாங்கிய டாக்டர் முக்கியமான குவெரியையும் படிக்காமல் தள்ளிவிடுவார். இதை எந்த ரிப்போர்ட்டும் காட்டாது.

நான் கேட்கச் சொல்வது மூன்று இடத்தில். அறுவையோ மரபணுப் பரிசோதனையோ முன் அனுமதிக்குப் போகிறது, நோட்டில் காரணமும் இல்லை, அசூஸ்பெர்மியா என்ற பெயரும் இல்லை என்றால் கேளுங்கள். நோட்டுக்குள்ளேயே முரண் இருந்தால், அதாவது ஓரிடத்தில் வாசக்டமி வரலாறு, இன்னோரிடத்தில் மலட்டுத்தன்மை, கண்டிப்பாகக் கேளுங்கள். காரணமும் விளைவும் இரண்டும் எழுதி, டாக்டர் அந்தக் காரணத்துக்கே சிகிச்சையும் தொடங்கிவிட்டார், இணைக்கும் ஒரு சொல் மட்டும் இல்லை என்றால் கேட்பது பலன் தரும். முதல் விசிட், மருந்து தொடரும் சாதாரண ஃபாலோ-அப், இவற்றுக்கெல்லாம் வேண்டாம்.

கேட்கும் விதத்தில் கவனம். அஹிமா, ஏசிடிஸ் என்ற அமெரிக்க மருத்துவ ஆவண அமைப்புகள் இரண்டும் சேர்ந்து வெளியிட்ட குவெரி நெறிமுறை 2022-ல் புதுப்பிக்கப்பட்டது, அதன் சாரம் பதிலை நாம் வாயில் திணிக்கக் கூடாது என்பது. "நோயாளிக்கு டெஸ்டோஸ்டிரோனால் ஒலிகோஸ்பெர்மியா, சரிதானே?" என்று கேட்டால் அது குவெரி அல்ல. இப்படிக் கேளுங்கள்: "நோட்டில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி தொடர்வதாகவும், இரண்டு மாதிரிகளில் விந்தணு அடர்த்தி 3 மற்றும் 4 மில்லியன் என்றும், ஊசியை நிறுத்தச் சொன்னதாகவும் உள்ளது. மலட்டுத்தன்மையின் வகையும் காரணமும் தெரிந்தால் குறிப்பிடவும்: மருந்தால் ஒலிகோஸ்பெர்மியா, வேறு காரணத்தால் ஒலிகோஸ்பெர்மியா, காரணம் தெரியாத ஒலிகோஸ்பெர்மியா, வேறு நோய், இப்போது தீர்மானிக்க முடியவில்லை." நோட்டில் உள்ள சான்றுகள் முன்னால், தேர்வுகள் பின்னால், கோடும் பணமும் எங்கும் பேசப்படாமல். பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்வது போதாது, அவர் தேதியிட்டு நோட்டில் அடெண்டம் (பின்சேர்க்கை) சேர்க்க வேண்டும்.

ஒரே டாக்டருக்குத் திரும்பத் திரும்ப ஒரே குவெரி போகிறதென்றால் கேட்பதை நிறுத்திவிட்டு, அவருடைய டெம்ப்ளேட்டில் "வகை, காரணம், எத்தனை மாதிரி" என்று மூன்று கட்டம் சேர்க்கச் சொல்லி க்ளையன்ட் பக்கம் ஒரு கடிதம் போகட்டும். அது டி.எல். வேலை, அவரிடம் தள்ளுங்கள்.

## பிரச்சினை கணவருக்கு, சார்ட் மனைவிக்கு

இதில் குழம்பவே கூடாது. கணவரின் என்46 மனைவியின் சார்ட்டில் வராது. அமெரிக்க கோடிங்கில் அதற்கு இசட்31.81 இருக்கிறது. மனைவிக்கும் தனியாகக் காரணம் இருந்தால் பெண் மலட்டுத்தன்மைக்கான என்97-ல் உரியது கூட வரும். ஐவிஎஃப் சுழற்சிக்கு வந்த விசிட் என்றால் இசட்31.83. ஆனால் பெண்ணுக்கு எல்லாம் சரியாக இருந்து, கணவரின் ரிப்போர்ட்டால் மட்டுமே சிகிச்சை நடக்கும்போது என்97.9 போடுவதைப் பார்க்கிறேன், அது அவள் உடம்பில் இல்லாத ஒரு நோயை அவள் பெயரில் எழுதுவது. ஊரில் எப்படியும் அதைத்தான் செய்கிறார்கள், சார்ட்டிலாவது வேண்டாம்.

| வழி | நோட்டில் என்ன இருக்க வேண்டும் | எப்போது நல்லது | எங்கே கடிக்கும் |
|---|---|---|---|
| என்46.9 | "ஆண் மலட்டுத்தன்மை" | முதல் விசிட், காரணம் தெரியாத நிலை | பயாப்ஸி, மரபணுப் பரிசோதனை கிளைம் |
| என்46.01, என்46.11 | நிலையின் பெயர் மட்டும் | டாக்டர் பெயர் சொல்லி, காரணம் சொல்லாதபோது | வாசக்டமி வரலாறு, ஒரே மாதிரி |
| என்46.02-, என்46.12- | பெயர், காரணம், இரண்டையும் இணைக்கும் சொல் | அறுவை, சிகிச்சை முடிவுகள் | காரண கோட் விடுபடுதல் |
| இசட்31.41, ஆர்86 | பரிசோதனை நோக்கம் அல்லது கண்டுபிடிப்பு | லேப் சார்ட், முதல் மாறுதல் | திட்ட விலக்கு |
| குவெரி | முரண் அல்லது விடுபட்ட இணைப்பு | முன் அனுமதி நிலுவையில் | நேரம், டாக்டரின் பொறுமை |

## சேலத்து மருத்துவமனைகளில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு

மேலே சொன்ன ஐந்து, ஆறு இலக்கமெல்லாம் அமெரிக்காவுக்காக நீட்டியது. உலக சுகாதார நிறுவனத்தின் மூல ஐசிடி-10-ல் என்46 என்பது மூன்றெழுத்தோடு முடிந்துவிடும், அசூஸ்பெர்மியாவும் அதுதான், ஒலிகோஸ்பெர்மியாவும் அதுதான். அதனால் பகலில் ஃபேர்லேண்ட்ஸ் மருத்துவமனையிலும் இரவில் அமெரிக்க ப்ராஜெக்டிலும் வேலை பார்ப்பவர்கள் பழக்கத்தில் இங்கே என்46.023 எழுதிவிட வேண்டாம். மனைவி பக்கம் இங்கே நேரான ஒரு கோட் இருக்கிறது: என்97.4, ஆண் காரணத்தோடு தொடர்புடைய பெண் மலட்டுத்தன்மை. ஐசிடி-11-க்கு மாறும் இடங்களில் ஆண் மலட்டுத்தன்மை ஜிபி04, அதில் அசூஸ்பெர்மியா ஜிபி04.0.

கோட் மூன்றெழுத்துதான் என்பதால் விவரம் முழுவதையும் எழுத்தில்தான் தாங்க வேண்டும், இன்சூரன்ஸிலும் இதே கதை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019-ல் வகுத்த பொது விலக்குப் பட்டியலில் எக்ஸ்க்ளூஷன் 17 என்பது மலட்டுத்தன்மை, ஐவிஎஃப், இக்ஸி, குடும்பக் கட்டுப்பாட்டைத் திருப்புவது எல்லாவற்றையும் சேர்த்து. சில குழு பாலிசிகள் கொஞ்சம் கொடுக்கின்றன, பாலிசியைப் படித்த பிறகே நோயாளிக்கு வாக்குக் கொடுங்கள். சிக்கல் வருவது வேரிகோசீல் அறுவையில். வலிக்காகச் செய்தால் ஒரு மாதிரி, குழந்தை இல்லை என்பதற்காகச் செய்தால் இன்னொரு மாதிரி. "வலின்னு மட்டும் போட்டுடுங்க சார்" என்று நோயாளியின் அண்ணனே டெஸ்கில் வந்து கேட்பார். வலி உண்மையாக இருந்து, அதற்காகத்தான் டாக்டர் அறுவையை முடிவு செய்தார் என்றால் அது ஓபி சீட்டில் அன்றைக்கே இருக்கும், அதை முதலில் எழுதுவதில் தப்பில்லை. இல்லாத வலியை அட்மிஷன் அன்று புதிதாகச் சேர்த்தால், டிபிஏ (காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கிளைமைச் சரிபார்ப்பவர்) பழைய ஓபி சீட்டைக் கேட்கும்போது "பிரைமரி இன்ஃபெர்ட்டிலிட்டி 3 வருடம்" என்ற வரி அங்கே உட்கார்ந்திருக்கும். அப்போது அந்தக் கிளைம் மட்டும் அல்ல, அந்தக் குடும்பத்தின் அடுத்த கிளைமும் சந்தேகத்தோடு பார்க்கப்படும்.

தொழில் வரலாறு ஒரு வரி கேட்டு எழுதுங்கள். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் நாள் முழுக்க உலை முன்னால் உட்காருபவர், சாயப்பட்டறையில் வேலை செய்பவர், ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்கு மருந்தடிப்பவர் என்று வருகிறார்கள். வெப்பமும் சில பூச்சிமருந்துகளும் விந்தணுவைக் குறைக்கக்கூடியவை என்பதால் யூராலஜிஸ்டுக்கு அது உதவும். காரணம் இதுதான் என்று நீங்கள் எழுத வேண்டாம், "10 வருடமாக உலை வேலை" என்று இருந்தால் போதும்.

அப்புறம் ஃபைல். நம் ஊரில் கணவரின் விந்துப் பரிசோதனை ரிப்போர்ட் மனைவியின் ஓபி ஃபைலுக்குள் கோர்க்கப்பட்டுக் கிடக்கும், அவருக்கென்று ஓபி எண்ணே இருக்காது. பின்னால் அவர் யூராலஜி பார்க்கப் போனால் கையில் ஒன்றும் இல்லாமல் போவார், ரிப்போர்ட்டும் வேண்டாதவர் கண்ணில் படும். அவருக்குத் தனி எண் போடுங்கள், மனைவி ஃபைலில் அந்த எண்ணை மட்டும் குறித்தால் போதும். லேப் சீட்டில் எத்தனை நாள் இடைவெளிக்குப் பின் எடுத்த மாதிரி, 2 முதல் 7 நாளுக்குள் இருக்கிறதா, இது முதல் மாதிரியா இரண்டாவதா, முழுவதும் சேகரமானதா, விந்தணு காணவில்லை என்றால் சுழற்றிப் பார்த்தார்களா, கடந்த மூன்று மாதத்தில் காய்ச்சல் வந்ததா என்ற ஐந்தும் இருந்தால் அந்த ரிப்போர்ட்டை வைத்து டாக்டர் துணிந்து ஒரு பெயர் எழுதுவார்.